கணக்காளர் கவுன்சிலரானால்: லண்டன் மாமாவைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில்

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய மாமா லண்டனில் பட்டயக் கணக்காளர். கால் நூற்றாண்டு உழைத்துத் தேடிக்கொண்ட பெயரும் வாடிக்கையாளர்களும் அவருக்கு உண்டு. இப்போது அவர் வசிக்கும் பகுதியின் கட்சிக் கிளை அவரை உள்ளூராட்சித் தேர்தலில் நிற்கும்படி கேட்கிறது. மாமி வேண்டாம் என்கிறார். அம்மம்மாவோ, அரசியல் செய்வதென்றால் ஊருக்கு வந்து செய்யட்டும் என்கிறார். "கணக்காளர் ஒருவர் கவுன்சிலரானால் அவருடைய தொழில் என்னவாகும்? அதனால் வன்னிக்கு ஏதாவது கிடைக்குமா?" என்பது தம்பியின் கேள்வி. அதை இரண்டு மூன்று தடவை வாசித்தேன். தொழிலைப் பற்றிய கவலை மாமியுடையது. தம்பி, உங்கள் மனதில் இருப்பது இரண்டாவது பாதி என்று நினைக்கிறேன்: எங்களை விட்டுப் போன ஒருவர் அங்கே யாருக்காக உழைக்கப் போகிறார், அந்த உழைப்பில் எங்களுக்கு ஏதும் இடம் உண்டா? இரண்டுக்கும் எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன்.

நான் தர்மபுரத்தில் வளர்ந்தவன். கிளிநொச்சிப் பக்கம் ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுவினைஞராகத் தொடங்கி, 1998இல் நாட்டை விட்டுப் போனேன். லண்டனில் இரவில் பெற்றோல் நிலையத்தில் நின்றும் பகலில் படித்தும் கணக்காளருக்கான ஏ.சி.சி.ஏ. தேர்வின் 14 தாள்களையும் முடித்து, ஒரு வீடமைப்பு நிறுவனத்தின் நிதிப் பிரிவில் வேலை செய்தேன். 2010 மே மாதத் தேர்தலில் நின்று தோற்றேன். 2014இல் வென்றேன், 2018இல் மீண்டும் வென்றேன், 2022இல் நிற்கவில்லை. இப்போது ஆண்டில் பாதிக்கு மேல் தர்மபுரத்தில்தான் இருக்கிறேன். ஆகவே கீழே சட்டமும் தேதியும் என்று நான் சொல்பவற்றை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். தொழில், குடும்பம், மனம் பற்றிச் சொல்பவை ஒரு மனிதனின் எட்டு ஆண்டு அனுபவம் மட்டுமே. உங்கள் மாமாவுக்கு அது வேறு விதமாக அமையலாம்.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். இங்கிலாந்தின் உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பிரித்தானியக் குடியுரிமை கட்டாயம் இல்லை. பொதுநலவாய நாடொன்றின் குடிமகன் அங்கே தங்கும் அனுமதியோடு இருந்தால் வாக்களிக்கலாம். நிரந்தர வதிவிட அனுமதி இருந்தால் வேட்பாளராகவும் நிற்கலாம். வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். அந்தப் பகுதியின் வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்க வேண்டும், அல்லது முந்திய 12 மாதங்களும் அங்கே வசித்தோ வேலை செய்தோ இருக்க வேண்டும். கட்டுப்பணம் எதுவும் கிடையாது. நான் நின்ற காலத்தில் வேட்புமனுவில் வட்டாரத்து வாக்காளர் பத்துப் பேர் கையொப்பமிட வேண்டியிருந்தது.

இந்த விதியை முதன்முதலில் வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. என் அப்பா நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவரையும் அவரைப் போன்ற இலட்சக்கணக்கான மலையகத் தமிழரையும் நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1977 கலவரத்துக்குப் பின் எங்களைக் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்தார். காடு வெட்டினார், கிணறு தோண்டினார், ஊர்க் கோயிலுக்கு மண் சுமந்தார். 1986இல் கண்ணை மூடும் வரை ஒரு தடவைகூட அவர் வாக்களித்ததில்லை. அரச உத்தியோகத்துக்குக் குடியுரிமை வேண்டும் என்பதால்தான் நான் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனேன். 1988இல் வந்த சட்டம் எங்களைப் போன்றவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தது. பத்து ஆண்டுக்குப் பிறகு, அந்தக் குடியுரிமைதான் லண்டனில் என்னைப் பொதுநலவாயக் குடிமகன் ஆக்கி, வாக்காளர் இடாப்பில் என் பெயரை ஏற்றியது. பிறந்த மண்ணில் அப்பாவுக்கு மறுத்ததை வந்த மண் எனக்குக் கேட்காமலே கொடுத்தது. உங்கள் மாமா ஏன் இதைப் பற்றி யோசிக்கிறார் என்று மாமிக்கு விளங்கவில்லை என்றால், பதவி ஆசைக்கு அப்பால் இப்படியும் ஒரு காரணம் இருக்கக்கூடும் என்று சொல்லுங்கள்.

கணக்காளர்கள் அரசியலுக்குப் போகும் வழி பெரும்பாலும் பொருளாளர் பதவிதான். கோயிலுக்கு ஒரு பொருளாளர் வேண்டும், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு ஒருவர் வேண்டும், பழைய மாணவர் சங்கத்துக்கும் வேண்டும். பதிவு செய்த தர்ம ஸ்தாபனத்தின் ஆண்டு வருமானம் 25,000 பவுணைத் தாண்டினால் வெளியார் ஒருவர் கணக்கைப் பரிசோதிக்க வேண்டும் என்ற விதி எங்கள் காலத்தில் இருந்தது. அந்தத் தாள்களையெல்லாம் தூக்கிக்கொண்டு எல்லோரும் என்னிடம் வருவார்கள். தமிழ்ப் பள்ளிக்கு வகுப்பறை எடுப்பது, தேர்த் திருவிழாவுக்கு வீதியை மூட அனுமதி வாங்குவது, முதியோர் கூடுவதற்கு மண்டபம் கேட்பது என்று எந்த வேலையைத் தொட்டாலும் கடைசியில் கவுன்சிலின் ஒரு மேசைக்கு முன்னால்தான் போய் நின்றேன். 2009 ஏப்ரலில் இருந்து போரை நிறுத்தக் கேட்டு லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் நாட்கணக்காக நின்றோம். முள்ளிவாய்க்கால் பக்கம் அக்காவின் குடும்பம் இருந்தது. யாரைப் பிடித்தால் யாரிடம் பேசலாம் என்று அப்போதுதான் தேடத் தொடங்கினோம். பத்து ஆண்டாக வரி கட்டிய எனக்கு என் வட்டாரக் கவுன்சிலரின் பெயர் தெரியாது. அந்த வெட்கம்தான் அடுத்த ஆண்டு என்னை வேட்பாளர் ஆக்கியது.

அந்த முதல் முயற்சியில் நான் தோற்றதற்குக் காரணம், எங்கள் துயரத்தை மட்டும் சுமந்துகொண்டு கதவுகளைத் தட்டியதுதான். ஒரு ஐரிஷ் மூதாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, பின் ஒழுங்கையில் மூன்று வாரமாகக் குப்பை கிடக்கிறது, அதைப் பற்றி என்ன செய்வீர்கள் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போனேன். தோற்ற பிறகு, அந்தக் குப்பைக்காகக் கவுன்சிலுக்கு நான்கு கடிதம் எழுதி, அது எடுக்கப்பட்டதும் அவரிடம் போய்ச் சொன்னேன். 2014இல் அவர்தான் அந்த ஒழுங்கை முழுவதற்கும் என்னை அழைத்துப் போனார். மாமாவின் வட்டாரத்தில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருந்தாலும், வென்ற அன்றிலிருந்து அவர் சோமாலியருக்கும் போலந்துக்காரருக்கும் அந்த மூதாட்டிக்கும் சேர்த்துத்தான் கவுன்சிலர். மனதார ஒப்புக்கொள்ளாமல் நின்றால் அது இரண்டு பக்கத்துக்கும் செய்யும் துரோகம்.

இனி மாமியின் கவலைக்கு வருகிறேன், அது நியாயமானது. கவுன்சிலருக்குச் சம்பளம் இல்லை, படி மட்டுமே. நான் இருந்த காலத்தில் லண்டனில் சாதாரண உறுப்பினருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுணைச் சுற்றித்தான் கிடைத்தது, அதற்கும் வருமான வரி உண்டு. 2014இல் இங்கிலாந்தில் புதிதாக வந்த கவுன்சிலர்களுக்கு உள்ளூராட்சி ஓய்வூதியத் திட்டமும் மூடப்பட்டது. வேலை கொடுப்பவர் பொதுக் கடமைக்கு நியாயமான நேரம் விட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மாலைக் கூட்டங்கள், சனிக்கிழமை நூலகத்தில் மக்கள் சந்திப்பு, இரவு பத்து மணிக்கு வரும் தொலைபேசி எல்லாம் சேர்ந்தால் வாரத்தில் இருபது மணித்தியாலம் எனக்குப் போனது. ஜனவரி மாதம் கணக்காளருக்கு மூச்சுவிட முடியாத காலம், ஏனென்றால் சுயதொழில் செய்பவர்களின் வரிப் படிவத்துக்கு 31ஆம் தேதி கடைசி நாள். கவுன்சிலின் பாதீட்டு வேலையும், அதாவது வரவு செலவுத் திட்ட வேலையும், அதே மாதத்தில்தான் உச்சத்துக்கு வரும். வெளியார் எவரும் இதை முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள் என்பதால் நான் சொல்கிறேன்.

தொழிலுக்கு வரக்கூடிய பெரிய ஆபத்து நேரம் போவதைவிட நலன் முரண்பாடுதான். தன் சொந்தக் கவுன்சிலில் சம்பளத்துக்கு வேலை செய்பவர் அதே கவுன்சிலுக்கு நிற்க முடியாது. தெரிவான 28 நாட்களுக்குள் வேலை, வீடு, காணி, பங்குகள், ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் பதிவேட்டில் அறிவிக்க வேண்டும். வாழ்க்கைத் துணையின் நலன்களும் அதில் அடங்கும். நியாயமான காரணம் இல்லாமல் மறைத்தால் அது குற்றம். தன் பண நலன் சம்பந்தப்பட்ட விடயம் சபைக்கு வரும்போது பேசவும் கூடாது, வாக்களிக்கவும் கூடாது. கவுன்சில் வரியை இரண்டு மாதம் நிலுவையில் வைத்திருக்கும் கவுன்சிலர் பாதீட்டில் வாக்களிக்க முடியாது என்பதும் சட்டம். கணக்காளருக்கு இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. அவருடைய வாடிக்கையாளர் ஒருவர் கவுன்சிலுக்குச் சாப்பாடு கொடுக்கும் ஒப்பந்தக்காரராக இருக்கலாம், இன்னொருவர் கடைக்கு அனுமதிப்பத்திரம் கேட்டு விண்ணப்பித்திருக்கலாம். அவர்களுடைய இலாபமும் கடனும் இவருக்குத் தெரியும், அதை வெளியில் சொல்ல முடியாது. அந்த இடத்தில் எழுந்து வெளியே போவது ஒன்றே வழி. நான் தனியாகக் கணக்குப் பார்த்துவந்தவர்களின் மூன்று கோப்புகளை முதல் இரண்டு ஆண்டில் வேறு கணக்காளரிடம் கொடுத்துவிட்டேன். வருமானம் குறைந்தது. திரும்பவும் அந்தத் தெரிவு வந்தால் அதையேதான் செய்வேன்.

கணக்காளர் சபைக்குப் போவதால் சபைக்கு என்ன நன்மை என்பதும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்சிகள் அதைக் காட்டித்தான் அழைக்கின்றன. அங்கே கவுன்சில் அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்க முடியாது, ஒவ்வோர் ஆண்டும் வரவும் செலவும் சமமாக வேண்டும். முடியாத நிலை வந்தால் தலைமை நிதி அதிகாரி 1988ஆம் ஆண்டின் உள்ளூராட்சி நிதிச் சட்டத்தின் 114ஆம் பிரிவின் கீழ் அறிவித்தல் விடுவார், புதிய செலவுகள் நின்றுவிடும். லண்டனில் தமிழர் நிறைந்த குரொய்டனில் 2020 நவம்பரில் அது நடந்தது. பேர்மிங்ஹாமில் 2023 செப்டெம்பரில் நடந்தது. குரொய்டனைப் பற்றிக் கணக்காய்வாளர்கள் பொது நலன் கருதி வெளியிட்ட அறிக்கையை நான் வரி வரியாக வாசித்தேன். சொத்து முதலீடுகளுக்காகக் கடன் பெருகியபோது உறுப்பினர்கள் போதுமான அளவு கேள்வி கேட்கவில்லை என்பது அதில் மனதில் தைத்த பகுதி. இருப்பு நிதி எவ்வளவு, எந்தக் கடன் எப்போது முதிர்கிறது, சேமிப்பு என்று போட்ட தொகை கடந்த ஆண்டு உண்மையில் சேமிக்கப்பட்டதா என்று கூச்சமில்லாமல் கேட்க ஒருவர் சபையில் இருந்தால் அது அந்த ஊருக்குப் பெரிய காவல். மாமாவால் அது முடியும்.

ஆனால் அதே பயிற்சி ஆளைக் கவிழ்க்கவும் செய்யும். என் கதையைச் சொல்கிறேன். 2010க்குப் பின் மத்திய அரசு உள்ளூராட்சிக்குக் கொடுக்கும் பணத்தை ஆண்டுதோறும் வெட்டிக்கொண்டிருந்தது. கவுன்சில் வரியை 2 வீதமோ அதற்கு மேலோ உயர்த்தினால் மக்கள் வாக்கெடுப்பு வைக்க வேண்டும் என்ற விதி அப்போது இருந்தது. ஆகவே என் முதல் பாதீடு முழுக்க வெட்டுப் பட்டியல். அதிகாரிகளின் அட்டவணையில் ஒரு கூட்டல் பிழையைக் கண்டுபிடித்தேன், எல்லோரும் பாராட்டினார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது. அதே பட்டியலில் ஒரு வரி: முதியோர் மதிய உணவுக் கூடத்துக்கான உதவித்தொகை நிறுத்தம். தொகை சிறியது, கணக்குச் சரி. கை உயர்த்தினேன். 2014இலிருந்து பாதீட்டு வாக்கெடுப்பில் யார் எப்படி வாக்களித்தார் என்பது பெயரோடு பதிவாக வேண்டும். அந்தக் கூட்டக் குறிப்பில் ஆதரவு என்ற தலைப்பின் கீழ் என் பெயர் இன்றைக்கும் இருக்கிறது. ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, நூலகத்தில் ஒரு முதியவர் வந்து என் முன்னால் உட்கார்ந்தார். முறைப்பாடு ஒன்றும் இல்லை என்றார். செவ்வாயும் வியாழனும் அந்தக் கூடத்தில் சாப்பிடுவேன், அந்த இரண்டு நாளும்தான் யாரோடாவது கதைப்பேன், இப்போது எங்கே போவது என்று கேட்டார். நான் வைத்திருந்த எந்தத் தாளிலும் அதற்குப் பதில் இல்லை.

அன்று இரவு எனக்கு மல்லாவி ஞாபகம் வந்தது. 1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது சங்கத்தின் காசேட்டையும் இருப்புப் புத்தகத்தையும் உரப்பையில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு அக்கராயன் பக்கமாகப் போய், பிறகு மல்லாவியில் ஒரு கொட்டிலில் உட்கார்ந்து நிவாரணக் கணக்கு எழுதினேன். அரிசி, மா, பருப்பு, சீனி என்று ஒவ்வொரு குடும்ப அட்டைக்கும் ஒரு வரி. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு என்பதால் தேங்காய் எண்ணெய் விளக்கில் கூட்டுவேன். ஒரு மூடை எடை குறைந்து வந்தால், அந்தக் குறை யாருடைய அட்டையில் விழும் என்று பார்த்தவுடன் தெரியும்: ஐந்து பிள்ளைகளோடு மரத்தடியில் இருக்கும் அந்த அம்மா, காலை இழந்த அந்த அண்ணன். கூட்டுத்தொகை பிழைத்தாலும் திருத்தலாம், பெயர் விடுபட்டால் அந்த வீட்டில் அன்று அடுப்பு எரியாது என்று எங்கள் பொது முகாமையாளர் சொல்லிச் சொல்லித் தந்தார். லண்டனில் படித்த 14 தாள்களில் அது இல்லை. அங்கே நான் மொத்தத்தை வாசிக்கப் பழகி, பெயர்களை மறந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பாதீட்டிலும், வெட்டப்போகும் ஒவ்வொரு வரியையும் முதலில் நேரில் போய்ப் பார்த்தேன். சிலவற்றைக் காப்பாற்ற முடிந்தது. அந்த உணவுக் கூடத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

வன்னிக்கு இதனால் என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு நேராக வருகிறேன். பணமாக எதுவும் கிடைக்காது. ஒரு லண்டன் கவுன்சிலரால் அங்குள்ள வரிப்பணத்தில் ஒரு பவுணைக்கூட இங்கே திருப்ப முடியாது, திருப்பவும் கூடாது. நட்புறவு நகரங்கள் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2016 ஒக்டோபரில் லண்டனின் கிங்ஸ்டனும் யாழ்ப்பாணமும் இரட்டை நகரங்களாயின. 2017 ஜனவரியில் அப்போதைய வடமாகாண முதலமைச்சர் சி. வி. விக்னேஸ்வரன் கனடா போனபோது மார்க்கம் நகரத்துக்கும் உங்கள் முல்லைத்தீவுக்கும் இடையில் உடன்படிக்கை கைச்சாத்தானது. மார்க்கத்தில் 2006இலேயே லோகன் கணபதி நகரசபைக்குத் தெரிவாகியிருந்தார் என்பதையும், 2015 முதல் 2021 வரை ஒஸ்லோவின் பிரதி நகரபிதாவாக ஒரு தமிழ்ப் பெண், கம்சாயினி குணரத்தினம், இருந்தார் என்பதையும் நினைத்தால் எனக்குப் பெருமைதான். இவை கதவைத் திறக்கும், பேச்சைத் தொடக்கும். ஆனால் ஓர் உடன்படிக்கையில் வைத்த கையொப்பம் தானாக ஒரு மதகையோ வடிகாலையோ கட்டித் தராது. யாராவது ஒருவர் அதன் பின்னால் ஆண்டுக்கணக்காக அலைய வேண்டும்.

அப்படியென்றால் அம்மம்மா சொல்வதுபோல் அவர் இங்கே வந்து நிற்கலாமா? நாடாளுமன்றம் என்றால் இல்லை: 2022 ஒக்டோபரில் நிறைவேறிய 21ஆம் திருத்தத்தின்படி இரட்டைக் குடியுரிமை உள்ளவர் நாடாளுமன்ற உறுப்பினராக முடியாது. பிரதேச சபை என்றால், அவருடைய குடியுரிமையும் வாக்காளர் பதிவும் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. அதைத் தேர்தல் அலுவலகத்திலும் ஒரு சட்டத்தரணியிடமும் கேட்டே முடிவு செய்யுங்கள், நான் கணக்காளன் மட்டுமே. சட்டம் இடம் கொடுத்தாலும் என் கருத்து வேறு. இந்த மண்ணில் உள்ளூராட்சி வாக்கு எவ்வளவு அருமையானது என்று யோசியுங்கள். கிளிநொச்சி மாவட்டத்தின் கரைச்சி, பச்சிலைப்பள்ளி, பூநகரி மக்கள் போருக்குப் பின் 2011 ஜூலை 23இல் வாக்களித்தார்கள். உங்கள் புதுக்குடியிருப்புக்கும் கரைதுறைப்பற்றுக்கும் கண்ணிவெடி அகற்றுவதைக் காரணம் காட்டித் தள்ளித் தள்ளி, 2018 பெப்ரவரி 10 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய அடுத்த தேர்தல், திறைசேரி பணம் விடுவிக்காததால் நின்றுபோய், 2025 மே 6இல்தான் நடந்தது. அதுவரை இரண்டு ஆண்டுக்கு மேலாகச் சபைகளில் மக்கள் தெரிவு செய்த ஒருவரும் இல்லை. இவ்வளவு காத்திருந்து கிடைத்த ஆசனத்தில், இங்கே வெயிலிலும் வெள்ளத்திலும் கூட இருந்தவர்கள் உட்காரட்டும். ஆண்டில் நான்கு மாதம் வந்து போகிறவர் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவட்டும். இது என் விருப்பம், மறுப்பவர்களிடமும் நியாயம் உண்டு.

அந்த உதவிக்கு இங்கே இடம் நிறைய இருக்கிறது. லண்டன் கவுன்சிலுக்கும் நமது பிரதேச சபைக்கும் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அங்கே முதியோர் பராமரிப்பு, பிள்ளைகள் பாதுகாப்பு, வீடமைப்பு எல்லாம் கவுன்சிலின் கையில். இங்கே 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பிரதேச சபைக்கு உள்ளூர் வீதி, தெருவிளக்கு, சந்தை, வடிகால், குப்பை, நூலகம், மயானம் என்று பட்டியல் குறுகியது. ஊழியர் சம்பளத்தின் பெரும்பகுதி மேலிருந்துதான் வருகிறது. சபை தானாகத் திரட்டும் பணம் வீடு காணிகளுக்கான சோலைவரி, சந்தைக் குத்தகை, வியாபார அனுமதிக் கட்டணம் போன்றவைதான். ஆனாலும் கணக்கின் எலும்புக்கூடு ஒன்றே: எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது, நிலுவை யாரிடம், செலவான வேலை நிலத்தில் இருக்கிறதா. சந்தைக் குத்தகை கடந்த ஆண்டு எவ்வளவுக்குப் போனது, அதில் எவ்வளவு இன்னும் கட்டப்படவில்லை என்ற இரண்டு கேள்விக்கு ஓர் உறுப்பினர் விடை எடுத்துவிட்டால், அந்தச் சபைக் கூட்டத்தின் தொனியே மாறிவிடும். உறுப்பினர் மட்டும் கேட்க வேண்டும் என்பதும் இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி நீங்களே ஒரு குடிமகனாகப் பிரதேச சபையின் தகவல் அலுவலரிடம் எழுதிக் கேட்கலாம். கொடுப்பதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு செய்து அறிவிக்க வேண்டும்.

நான் இப்போது செய்வது இதைத்தான். வியாழன் பின்னேரங்களில் இங்குள்ள சனசமூக நிலையத்தில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். முதலில் தங்கள் சங்கத்தின் காசேட்டைக் கொண்டுவந்தார்கள். பற்றுச்சீட்டு, உறுதிச்சீட்டு, வங்கி மீதி என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தோம். நான்காம் மாதம் ஒரு பெண் பிரதேச சபையின் பாதீட்டுப் பிரதியைக் கொண்டுவந்து, எங்கள் வட்டாரத்துக்கு இதில் எந்த வரி என்று கேட்டார். உள்ளூராட்சியில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு 2018 தேர்தலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பெண் அடுத்த தடவை நிற்பார் என்று நினைக்கிறேன். என் கணக்குப் படிப்பு வன்னிக்குத் திரும்பி வந்த வழி இது. மாமா லண்டனில் கவுன்சிலராக இருந்துவிட்டு வந்தால், கணக்கு மட்டும் தெரிந்தவரைவிட நூறு மடங்கு பயனாக வருவார். ஒரு சபை எப்படி ஏமாற்றப்படுகிறது, எப்படித் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறது என்பதை உள்ளே இருந்து பார்த்திருப்பார்.

ஆகவே அவர் நிற்கட்டும் என்பதே என் பதில், மாமியும் மனதோடு சம்மதித்தால். சம்மதம் கிடைத்ததும் முதல் வேலையாக, தன் வாடிக்கையாளர் பட்டியலை ஒரு பக்கமும் கவுன்சில் இணையத்தில் வெளியிடும் 500 பவுணுக்கு மேற்பட்ட செலவுப் பட்டியலை மறுபக்கமும் வைத்து, ஒரே பெயர் இரண்டிலும் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வந்தால் அந்தக் கோப்பை இப்போதே கைமாற்றட்டும், தெரிவான பிறகு வேண்டாம். தேர்தல் செலவுக் கணக்கை முடிவு வந்து 35 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும், அதைத் தானே எழுதாமல் இன்னொருவரிடம் கொடுக்கட்டும். தன் கணக்கைத் தானே பார்க்கும் கணக்காளருக்குப் பிழை கண்ணில் படாது. அடுத்த தைப்பொங்கலுக்கு அவர் ஊருக்கு வருவதாக இருந்தால் ஒரு வியாழக்கிழமை தர்மபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்தப் பெண்கள் கேட்கும் கேள்விகளுக்கு அவரும் ஒரு தடவை பதில் சொல்லிப் பார்க்கட்டும்.